முட்டை பப்ஸுக்கு மூன்று ஓலை

செபஸ்தியார்குன்னு,
இரிஞ்ஞாலக்குடை வழி.
வியாழக்கிழமை, பிற்பகல்.

எர்ணாகுளத்தில் வக்கீல் தொழில் நடத்தும் மரியாதைக்குரிய மைத்துனர் தேவசிக்குட்டி அவர்களுக்கு, தங்கள் அக்காள் ரோசிலியின் கணவன் ரப்பாயி எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே நானும் ரோசிலியும் கடையும் கடையின் அடுப்பும் நலம். அங்கே தாங்களும் தங்கள் மனைவியும் தங்கள் இடுப்பு வலியும் எப்படி என்று அறிய ஆவல்.

கடந்த அக்டோபர் மாதம் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலைப் பூசை முடிந்து வந்து, ஊற்றிய சாயா ஆறுவதற்குள், நானும் ரோசிலியும் கூடி ஒரு முடிவெடுத்தோம். நமது கிளையில் இனி முட்டை பப்ஸுக்குள் அரை முட்டைக்குப் பதிலாக முழு முட்டை வைக்கப்படும் என்பதே அது. இருவர் கலந்துகொண்டோம், எதிர்ப்பு எழவில்லை, முடிவு அன்றே நடைமுறைக்கு வந்தது. அவசரப்பட்டு எடுத்த முடிவு என்று தாங்கள் நினைக்கக்கூடாது. குஞ்ஞாவரா பேக்கரித் தலைமையகம் எல்லாக் கிளைகளுக்கும் கொடுத்திருக்கும் செய்முறைப் புத்தகத்தில் ‘வேகவைத்த முட்டை, நெடுக்காக வெட்டிய பாதி, வெட்டுவாய் கீழ்நோக்கி’ என்று இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதி எப்போதும் தின்கிறவன் கடிக்காத மூலையில்தான் ஒளிந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் பொறிஞ்சு ஒருநாள் மூன்று பக்கமும் கடித்துப் பார்த்துவிட்டு, மீதியைக் கல்லாவின் மேல் வைத்து, “ரப்பாயி சேட்டா, இனி நீங்க தேடுங்க, எனக்கு வேலைக்கு நேரமாச்சு” என்று போய்விட்டான். அதைவிட என்னை உறுத்தியது, மறு பாதி எங்கே போகிறது என்ற கேள்வி. அது அடுத்தவன் பப்ஸுக்குள் போகிறது. அதாவது இந்த ஊரில் ஒவ்வொருவனும் தனக்குத் தெரியாமல் இன்னொருவனோடு ஒரு முட்டையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறான். வேலித் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத தெக்கேத்தலைக்காரரும் வடக்கேத்தலைக்காரரும் என் கடையில் ஒரே கோழியின் ஒரே முட்டையைத் தின்றுவிட்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். அதற்கு நான் துணைபோக முடியுமா?

நவம்பர் முதல் வாரம் தலைமையகத்திலிருந்து ஜிஸ்மோன் வந்தான். கிளைகளைச் சோதிக்க வருகிற பையன் அவன். கழுத்தில் டை, கையில் தராசு, வயிற்றில் எப்போதும் பசி. அடுத்தடுத்து நான்கு பப்ஸ் தின்றான். “சேட்டா, இது நம்ம பப்ஸ் இல்ல. ஆனா இப்படி ஒண்ணு நான் தின்னதே இல்ல” என்றான். இரண்டு வாக்கியங்களில் முதலாவதை மட்டும் அறிக்கையாக அனுப்பினான். அதன்பிறகு கம்பெனி என்ன செய்யப்போகிறது என்று கேட்டபோதெல்லாம் வாயில் விரலை வைத்தான். “அத நான் வாயால சொல்லக்கூடாது சேட்டா. பிரிவு இருபத்தொண்ணு.”

பிரிவு இருபத்தொன்றை எழுதியவர், கம்பெனியின் வக்கீலாகிய தாங்கள்தான். ஆகையால் அதை இங்கே எடுத்தெழுதினால் தங்கள் மனம் குளிரும் என்று நம்புகிறேன். ‘இந்த ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தின் கீழ் ஒரு தரப்பு மறு தரப்புக்கு விடுக்கும் எந்த நோட்டீஸும் எழுத்தில் இருக்க வேண்டும், கீழே குறித்த முகவரியில் நேரில் கையளிக்கப்பட வேண்டும், அல்லது ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பப்பட வேண்டும், சாதாரணத் தபாலிலோ தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ வாய்மொழியாகவோ தெரிவிக்கப்பட்ட எதுவும் தெரிவிக்கப்படாததாகவே கருதப்படும்.’ இதைத் தாங்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு கையில் பேனாவும் மறு கையில் ஆப்பமுமாக எழுதினீர்கள். அப்போது எங்கள் பழைய வீடு இடிக்கப்பட்டிருந்தது, புது வீட்டுக்கு எண் வரவில்லை, கடைக்குக் கதவே வரவில்லை. “அளியா, எந்த முகவரி போட?” என்று கேட்டீர்கள். முகவரியே இல்லை என்றேன். “வாரத்துல ஒரு தடவையாவது நீங்க தப்பாமப் போற இடம் எது?” என்றீர்கள். கோயில் என்றேன். அப்படியே எழுதினீர்கள்: ரப்பாயி, மேற்பார்வை விகாரியச்சன், புனித செபஸ்தியார் கோயில். அன்றைக்கு அது மேசையைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் புத்திசாலித்தனமாகப் பட்டது. மாட்டிறைச்சி வறுவலும் நன்றாக இருந்தது.

பங்குக் குருவாகப் பழைய விகாரியச்சன் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. எனக்கு வரும் தபாலில் தபால்தலையைக் கிழித்து வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தனுப்புவார். அவர் மாற்றலாகி, ரோமாபுரியில் திருச்சபைச் சட்டம் படித்த டேவிஸ் அச்சன் வந்தார். இளவயது. எதையும் சட்டப்படி செய்பவர். பூசையில் இருமினால்கூட விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இருமுவார். அவர் கையில் கம்பெனி நோட்டீஸ் பதிவுத் தபாலில் கிடைத்தது. உறையின் மேல் விகாரியச்சன் பெயர். பிரித்தார். உள்ளே இரண்டு தரப்பு, இருவருடைய முழுப் பெயர், தகப்பன் பெயர், எதிர்ப்பு இருந்தால் தெரிவிக்கக் கெடு, அடியில் முத்திரை. வெளியூரிலிருந்து விகாரியச்சனுக்கு இப்படி முத்திரை குத்தி வருகிற காகிதம் இங்கே ஒரே வகைதான்: கல்யாண ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று அதை மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டும். டேவிஸ் அச்சனுக்கு இது கல்யாணம் அல்ல என்று தெரியும். ஆனால் நோட்டீஸ் என்று தலைப்பிட்டு ஒரு பங்குக் கோயிலுக்கு வருவதைப் பெட்டியில் போட்டுப் பூட்டவும் அவருக்கு விதி இல்லை.

ஆகவே ஞாயிறு இரண்டாம் பூசையில், கோயில் நிறைந்திருந்தபோது, மூன்று கல்யாணங்களுக்கு ஓலை வாசித்த அதே குரலில் அவர் தொடர்ந்தார். “எர்ணாகுளம் குஞ்ஞாவரா பேக்கரி நிறுவனம் முதல் தரப்பும், இந்தப் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற இன்னாசு மகன் ரப்பாயி இரண்டாம் தரப்புமாகச் செய்துகொண்ட உடன்படிக்கையை, இரண்டாம் தரப்பு முட்டை பப்ஸில் முழு முட்டை வைத்து மீறியிருப்பதால், முப்பது நாளுக்குள் திருந்தாவிட்டால் போர்டை இறக்கி, கிளையை மூடி, வைப்புத் தொகையை எடுத்துக்கொள்வதாக முதல் தரப்பு அறிவிக்கிறது. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதை விகாரியிடம் தெரிவிக்க மனசாட்சிப்படி கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதல் முறை வாசிப்பு.”

தேவசிக்குட்டி, நான் முழங்காலில் இருந்தேன். எழுந்திருக்கவா, இன்னும் குனியவா என்று தெரியவில்லை. இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன். தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. பெண்கள் பக்கத்தில் காது மந்தமான குஞ்ஞன்னம் சேடத்தி, கோயிலுக்கே கேட்கும்படி, “யாருக்குக் கல்யாணம்?” என்றாள். “கல்யாணம் இல்ல சேடத்தி. ரப்பாயியும் குஞ்ஞாவராவும் பிரியறாங்க” என்று யாரோ சொன்னார்கள். “முன்னாடி கட்டுன ஓலையே நான் கேக்கலியே!” என்றாள் சேடத்தி. “அவன் பொண்டாட்டி ரோசிலி சம்மதிச்சாளா?” எனக்கு முன்வரிசையில் நம் பொறிஞ்சு திரும்பி, “முழு முட்டைன்னா சொன்னாரு? அதான் போன வாரம் தேடாமலே முதல் கடியில கிடைச்சுதா” என்றான்.

பூசை முடிந்ததும் ஊர் முழுவதும் கடைக்கு வந்தது. துக்கம் கேட்க வருகிறார்கள் என்று ரோசிலி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் கேட்டது பப்ஸ். சொல்லப்பட்டது உண்மையா என்று தெரியாமல் ஒருவர் மனசாட்சிப்படி எப்படிச் சாட்சி சொல்வார்? மத்தியானத்துக்குள் அலமாரி காலி. என் ஆயுளில் ஞாயிற்றுக்கிழமை இப்படி விற்றதில்லை. நான் மாவுக் கையோடு டேவிஸ் அச்சனிடம் ஓடினேன்.

“அச்சா, இத நிறுத்தக்கூடாதா?”

“எப்படி நிறுத்தறது ரப்பாயி சேட்டா? ஒரு தடவ வாசிச்சா மூணு தடவ வாசிக்கணும். பாதியில விட்டா ரெண்டு தரப்புக்கும் அநியாயம்.”

“மூணு தடவ வாசிச்சா என் கடையை மூடிடுவாங்க அச்சா.”

“வாசிச்சு முடியறவரைக்கும் உங்களுக்கு இது தெரியாதுன்னுதான் சட்டம் வச்சுக்கும். அதனால இப்ப கவலப்பட முடியாது” என்றவர், தணிந்த குரலில், “இன்னும் ரெண்டு இருந்தா கொடுத்தனுப்புங்க, நானும் ஒரு சாட்சிதானே” என்றார்.

மறு ஞாயிறு இரண்டாம் ஓலை. அந்த வாரம் பங்கு அலுவலகத்தில் தடை சொல்ல வந்தவர்கள் வரிசை, ஞாயிறு பாவசங்கீர்த்தன வரிசையைவிட நீளம். பொறிஞ்சு வந்து, முழு முட்டை வந்த நாள்முதல் தான் கெட்ட வார்த்தை பேசுவது குறைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். தெக்கேத்தலைக்காரர் வந்தார். அதைக் கேள்விப்பட்டு வடக்கேத்தலைக்காரரும் வந்தார். சாயாக்கடை வேலாயுதன், “கிறிஸ்தியானி இல்லாதவன் தடை சொல்லலாமா அச்சா?” என்று வாசலில் நின்று கேட்டான், அச்சன் புத்தகம் புரட்டி, தடை உண்மையானால் யார் சொன்னாலும் செல்லும் என்றார். கம்பெனி பக்கம் பேசியது ஒரே ஒருவர், கொச்சப்பன். பத்தாம் வகுப்பில் என்னோடு தோற்றவர். நான் எது செய்தாலும் எதிர்ப்பவர். “டாக்டர் எனக்குத் தினம் அரை முட்டைதான் சொல்லியிருக்காரு. இவன் கடையில தின்னா நான் நாளைக்குள்ளதையும் சேர்த்துத் தின்ன வேண்டியதாயிருக்கு” என்று எழுதிக் கொடுத்தார். டேவிஸ் அச்சன் எல்லாவற்றையும், கொச்சப்பனுடையது உட்பட, கட்டி முத்திரை வைத்து ஓலை வந்த முகவரிக்கே அனுப்பினார். அந்த மூட்டை உன் மேசையில்தான் வந்து இறங்கியது என்று அறிகிறேன். இடுப்பு வலி அன்றுமுதல்தானா?

மூன்றாம் ஞாயிறு மேற்றிராணியாராகிய பிஷப்பின் சுற்றுமடல் வந்துவிட்டது. அது நீளமானது. அதை வாசித்து முடித்தபோது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், அச்சனுக்கும் நாக்கு வறண்டது. ஓலைகள் அடுத்த வாரத்துக்குத் தள்ளப்பட்டன. அடுத்த வாரம் கிறிஸ்துமஸுக்கு முந்திய இருபத்தைந்து நாள் நோன்பு தொடங்கியது. நோன்புக்காலத்தில் கல்யாணம் கிடையாது, ஆகவே ஓலையும் கிடையாது என்று டேவிஸ் அச்சன் சொல்லிவிட்டார். உன் நோட்டீஸ் மூன்றில் இரண்டு பங்கு வந்து சேர்ந்து, மீதி வழியில் நின்றது. இன்னொன்றும் நடந்தது. நோன்பில் இங்கே யாரும் முட்டை தொடமாட்டார்கள். பப்ஸுக்குள் உருளைக்கிழங்கு வைத்தோம். ஜிஸ்மோன் வந்து பிரித்துப் பார்த்து, “முட்டையே இல்லன்னா மீறலும் இல்லியே சேட்டா” என்றான். “அப்ப திருந்திட்டேன்னு எழுது.” “திருந்துனது நீங்க இல்லியே, நோன்புதானே” என்று இரண்டு உருளைக்கிழங்கு பப்ஸைத் தின்றுவிட்டுப் போனான்.

கிறிஸ்துமஸ் கழிந்து நோன்பு முறிந்தது. முழு முட்டை திரும்ப வந்தது. அப்போதுதான் நீ உன் வாழ்க்கையிலேயே சிறந்த காரியம் ஒன்றைச் செய்தாய். முதல் நோட்டீஸ் ஒழுங்காகச் சேர்ந்ததா என்ற சந்தேகத்தில், இரண்டாவது நோட்டீஸை ‘கூடுதல் பாதுகாப்புக்காக’ இரண்டு வழியிலும் அனுப்பச் சொன்னாய்: ஒன்று பதிவுத் தபாலில், ஒன்று ஜிஸ்மோன் கையில். தபாலைக் கொண்டுவந்தவள் நம் ஊர்த் தபால்காரி லிஜி. இருவரும் பங்கு அலுவலகப் படியில் ஒரே நேரத்தில் கால் வைத்தார்கள். நான் கோயிலுக்கு மெழுகுவர்த்திப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

“சாரே, கொஞ்சம் வழி விடுங்க. இது ரெஜிஸ்டர் தபால்.”

“இது நேரில் கையளிப்பு. கையளிப்புதான் முதல்ல எழுதியிருக்கு.”

“எழுதுனவருக்குத் தபாலப் பத்தி என்ன தெரியும்? என் கையும் கைதானே?”

“உங்க கை அரசாங்கக் கை. என் கை கம்பெனி கை.”

“கம்பெனி கையில ஏன் பப்ஸ் எண்ணெய் இருக்கு?”

டேவிஸ் அச்சன் வெளியே வந்தார். ஒரே காரியத்துக்கு இரண்டு ஓலை வாங்கினால் இரண்டும் செல்லாது, யாருடையது முந்தியது என்று நீங்களே பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று இருவரையும் மணிக்கூண்டின் கீழ் இருக்கும் பெஞ்சில் உட்கார வைத்தார். பேசினார்கள். மத்தியானம் ஆகியும் பேசினார்கள். ரோசிலியைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. கல்யாணமாகாத இருவர் ஒரு பெஞ்சில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்கு வராது. சாயாவோடு போனாள். அலமாரியில் ஒரு பப்ஸ்தான் மிச்சம் இருந்தது. அதை நடுவில் வெட்டிக் கொடுத்தாள். ஆளுக்கு அரை முட்டை, கம்பெனி விதிப்படியே. அன்று மாலைவரை இரண்டு நோட்டீஸும் பெஞ்சில் கிடந்தன. மழை தூறியபோது லிஜி இரண்டையும் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்; அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன. அதன்பிறகு நடந்ததை ரோசிலியே நடத்தினாள்: லிஜியின் அம்மாவைப் பார்த்தது, ஜிஸ்மோனின் அப்பாவை அங்கமாலியிலிருந்து வரவழைத்தது, பையனுக்கு முன்கோபம் உண்டா என்று விசாரித்தது. (இல்லை. பசி மட்டும்தான்.) போன சனிக்கிழமை கோயிலில் மனசம்மதம் சொல்லி நிச்சயம் நடந்தது.

ஆனால் முதல் நோட்டீஸின் மூன்றாவது வாசிப்பு அப்படியே நிற்கிறது. வருகிற ஞாயிறு அது உண்டு என்று டேவிஸ் அச்சன் நேற்று சொன்னார். அதோடு சட்டப்படி எனக்குத் தெரிந்துவிடும், முப்பது நாள் கெடு ஓடத் தொடங்கும். ரோசிலி மாவு தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: “போர்டை இறக்கிட்டா நாம என்ன செய்யிறது? மறுபடியும் மஸ்கத்துக்குப் போய் மீன் ஐஸ் உடைக்கப் போறீங்களா? அம்பு பெருநாள் ஊர்வலத்துல செபஸ்தியார் சொரூபம் நம்ம கடை வாசல்ல வந்து நிக்கும்போது, மூடுன கதவையா காட்டறது?” மஸ்கத் ஐஸ் என் விரல்களில் இன்னும் இருக்கிறது, குளிர்காலத்தில் வலிக்கும். அங்கே உடைத்ததெல்லாம்தான் இங்கே கடையாக நிற்கிறது. இந்தக் கடை போனால் எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை. முட்டை, பாதியானாலும் முட்டைதானே என்று அவள் சொன்னபோது கண்ணில் நீர் நின்றது. அதற்குள் மாவை விட்டு வெங்காயம் நறுக்கத் தொடங்கியிருந்தாள் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடுகிறேன்.

ஆகவே, இந்தக் கடிதத்தின் வாயிலாக, முழு மனதோடும் தெளிந்த புத்தியோடும், இரண்டாம் தரப்பாகிய நான் முதல் தரப்புக்குத் தெரிவிப்பது: வருகிற திங்கட்கிழமை முதல் நமது கிளையில் முட்டை பப்ஸுக்குள் அரை முட்டையே வைக்கப்படும், நெடுக்காக வெட்டி, வெட்டுவாய் கீழ்நோக்கி. நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதைக் கம்பெனியிடம் எடுத்துச் சொல்லி, எங்கள் போர்டைக் காப்பாற்றித் தர வேண்டும் என்று உன் அக்காள் பெயரால் கேட்டுக்கொள்கிறேன்.

பெருநாளுக்கு அவசியம் வா. செண்டைமேளம் இந்த வருஷம் இரண்டு செட். உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். மூத்தவன் மீசை வைத்திருந்தால் கைகுலுக்கல் போதும். செபஸ்தியார் மேல் பாய்ந்த அம்புகளில் ஒன்றுகூட உன் வீட்டுப் பக்கம் திரும்பாமலிருக்க நாங்கள் இருவரும் தினம் ஜெபிக்கிறோம்.

என்றும் உன் நன்மையை விரும்பும்,
இன்னாசு மகன் ரப்பாயி.

பின்குறிப்பு: இதைப் பதிவுத் தபாலில் அனுப்பத்தான் தபாலாபீசுக்குப் போனேன். லிஜி கல்யாணப் புடவை எடுக்கத் திரிச்சூர் போயிருக்கிறாள். போஸ்ட்மாஸ்டர், “ரெஜிஸ்டர்னா நாளைக்கு வாங்க சேட்டா, ஸ்டாம்ப் ஒட்டி அந்தப் பெட்டியில போட்டாலும் போயிடும்” என்றார். ஒட்டிச் சாதாரணத் தபாலில் போடுகிறேன். ஆகவே பிரிவு இருபத்தொன்றின்படி, மேலே உள்ள எதையும் நான் உனக்குத் தெரிவிக்கவில்லை. நீயும் யாரிடமும் தெரிவிக்க முடியாது.

ஜிஸ்மோன் இன்று காலை கடைசிச் சோதனைக்கு வந்தான். கம்பெனிக்கு என்ன எழுதினாய் என்று கேட்டேன். வாயால் சொல்லக்கூடாது என்றான். பிறகு தன் கல்யாணத்துக்கு நானூறு முட்டை பப்ஸ் சொன்னான். அரையா முழுசா என்று கேட்டேன்.

முழு முட்டை.